மூக்குக்கும் காகிள்ஸுக்கும் நடுவுல ஒரு சந்து

இந்த எபிசோடுக்கான ஐடியா குல்மார்க்ல கிடைச்சது. போன ஜனவரியில ஆபீஸ் நண்பர்களோட ஸ்கீயிங் கத்துக்கலாம்னு போயிருந்தேன். வாடகைக் கடையில பூட்ஸுக்கு மட்டும் கால் அளவு கேட்டாங்க. காகிள்ஸை ஒரு கூடையிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுத்தாங்க. நான் பவர் கண்ணாடி போடுற ஆள். அதுக்கு மேல இதை மாட்டினா பொட்டுல அழுத்துது. மூக்குப் பக்கமோ விரல் நுழையுற அளவுக்குச் சந்து. என் மூச்சு அந்தச் சந்து வழியா மேல ஏறி, பத்து நிமிஷத்துல உள்ளே முழுக்க ஆவி படிஞ்சிருச்சு. கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். தண்ணியா ஊத்துது, லைட்டைப் பார்க்க முடியல. மறுநாள் டாக்டர் சொன்ன பேரு: பனிக்குருடு.

புதுசா விழுந்த பனி, தன் மேல படுற புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பும். வெயில் மேலிருந்தும் வருது, கீழிருந்தும் வருது. கண்ணோட முன்பக்கம் இருக்கிற கருவிழிப் படலம், தோல் கருகுற மாதிரியே கருகும். மோசம் என்னன்னா, வலி உடனே வராது. சில மணி நேரம் கழிச்சுதான் ஆரம்பிக்கும். அதனால கழட்டும்போது "ஒண்ணும் ஆகலையே"னு தோணும்.

இதே தப்பை, என்னைவிட ஆயிரம் மடங்கு திறமைசாலி ஒருத்தர் 1924 ஜூன் 4-ம் தேதி எவரெஸ்ட்ல பண்ணினார். பேரு எட்வர்ட் நார்டன். அந்த வருஷத்து பிரிட்டிஷ் குழுவோட தலைவர். கூட ஏறினவர் ஹோவர்ட் சோமர்வெல். (சோமர்வெல் நமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய ஆள். இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கிற நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில பல வருஷம் அறுவை சிகிச்சை செய்த டாக்டர். அவருக்குத் தனி எபிசோடே போடணும்.)

தொண்டை அடைச்சுக்கிட்டதால சோமர்வெல் நின்னுட்டார். நார்டன் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம, தனியா 8,573 மீட்டர் வரைக்கும் போனார். சிலிண்டர் இல்லாம அதைவிட உயரம் போனதா சந்தேகத்துக்கு இடமில்லாம சொல்ல, 1978-ல மெஸ்னரும் ஹபெலரும் உச்சிக்குப் போக வேண்டியிருந்தது. ஆனா பாறை மேல நடக்கும்போது நார்டன் காகிள்ஸைக் கழட்டி வெச்சிருந்தார். சோம்பேறித்தனம் இல்ல. அதோட விளிம்பு, கால் வைக்கிற இடத்தைச் சரியாப் பார்க்க விடல. சறுக்கினா சாவு, அதனால கழட்டினார். அவர் இடத்துல இருந்தா நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன். மேல போகப்போக எல்லாமே இரண்டு இரண்டாத் தெரிய ஆரம்பிச்சது. அன்னைக்கு ராத்திரி பார்வை போயிருச்சு. சுமார் 60 மணி நேரம் ஒண்ணும் தெரியல.

ஜூன் 6-ம் தேதி காலையில மல்லோரியும் இர்வினும் கடைசி முயற்சிக்குக் கிளம்பினப்போ, அவங்க முகத்தைப் பார்க்க முடியாமலேதான் நார்டன் வழியனுப்பினார். இரண்டு பேரும் திரும்பி வரல. 1999-ல மல்லோரி உடலைக் கண்டுபிடிச்சப்போ, காகிள்ஸ் அவர் பாக்கெட்ல இருந்தது. அப்படின்னா வெளிச்சம் போன பிறகுதான் விழுந்திருப்பார்னு பலர் ஊகிக்கிறாங்க. நார்டன் பட்ட பாட்டை நேர்ல பார்த்தவர் பகல்ல கழட்டியிருப்பாரா என்ன?

இதுல எனக்கு உறுத்துறது வேற. நார்டனுக்கு இருந்த பிரச்சினையை ஆர்க்டிக் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாடியே தீர்த்திருந்தாங்க. இனுவிட் மக்களும் அவங்களோட முன்னோர்களும் கரையில ஒதுங்கின மரக்கட்டை, வால்ரஸ் தந்தம், கரிபூ மான் கொம்பு இதுலெல்லாம் காகிள்ஸ் செதுக்கினாங்க. பெரிங் கடல் ஓரத்துல கிடைச்ச தந்த காகிள்ஸுக்கு 2,000 வருஷ வயசு சொல்றாங்க. கண்ணாடியே கிடையாது, கண்ணுக்கு நேரா மெல்லிசான கீறல் மட்டும். வெளிச்சம் குறையும், சின்னத் துளை வழியா பார்க்குற மாதிரி காட்சியும் கூர்மையாகும். உள்பக்கம் கரி பூசினா எதிரொளியும் அடங்கிரும். கண்ணாடி இல்லாததால ஆவி படியவும் இடமில்ல.

ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம் பின்பக்கம். நெத்தி வளைவு, கன்ன எலும்பு, மூக்குக்கான வெட்டு எல்லாமே போடுறவர் முகத்துக்குத் தகுந்த மாதிரி செதுக்கினது. சந்து விட்டா வெளிச்சம் புகுந்திரும், அப்புறம் கீறல் இருந்து என்ன பிரயோஜனம்? அங்கே ஃபிட்டிங் கூடுதல் வசதி கிடையாது. கருவி வேலை செய்யறதே அதை நம்பித்தான்.

ஃபேக்டரி வந்ததும் முதல்ல காணாமப் போனது இந்தப் பின்பக்கம்தான்னு நினைக்கிறேன். ஒரே அச்சுல ஆயிரக்கணக்குல போட்டா, யாரோ ஒருத்தர் முகம்தான் அளவு.

அடுத்த பெரிய மாற்றம் 1965-ல, அமெரிக்காவோட ஐடஹோ மாநிலத்துல வந்தது. பாப் ஸ்மித்னு ஒருத்தர், தொழில் பல் வரிசையைச் சீரமைக்கிற டாக்டர், பைத்தியம் ஸ்கீயிங். பனி கொட்டுற நாள்ல காகிள்ஸ்ல ஆவி படியறது அவருக்குப் பொறுக்கல. பல் மருத்துவக் கருவிகளை வெச்சே வீட்டுல இரண்டு லென்ஸை ஒட்டினார். நடுவுல அடைபட்ட காத்து, பிளாஸ்க் சுவர் மாதிரி குளிரை உள்ளே விடாது. உள் லென்ஸ் அவ்வளவா குளிராததால ஆவியும் லேசில் படியாது. சுத்தி, காத்து போய் வர்ற மாதிரி ஃபோம். ஆரம்பத்துல செஞ்சதை லிஃப்ட் டிக்கெட்டுக்குப் பண்டமாற்று பண்ணினாராம். இன்னைக்கு இருக்கிற ஸ்மித் பிராண்டு அதுதான்.

அந்த ஃபோம் ஓரளவு முகத்துக்கு வளைஞ்சு கொடுக்கும். ஆனா மூக்குத்தண்டு தாழ்வா இருக்கிறவங்களுக்கு அதுவும் பத்தல. ஓக்லி கம்பெனி ரொம்ப நாள் 'ஏசியன் ஃபிட்'னு தனி மாடல் வித்தது. அப்புறம் பேரை 'லோ பிரிட்ஜ் ஃபிட்'னு மாத்தினாங்க. பழைய பேரையே பாருங்க. பாதி உலகத்து மூக்கைத் தனி வகைனு லேபிள் ஒட்டிட்டு, மீதியை வெறும் 'ரெகுலர்'னு சொன்னாங்க. கோடு எழுதுற நம்ம பாஷையில சொன்னா, டீஃபால்ட் வேல்யூ யாரோ ஒருத்தரோட முகம்.

அடுத்த டிரிப்புக்கு முன்னாடி நானே ஒண்ணு வாங்கினேன். கடையில பட்டையை மாட்டாம, வெறும் ஃப்ரேமை முகத்துல வெச்சு அழுத்திப் பார்த்தேன். நெத்தி, கன்னம், மூக்கு எங்கேயாவது வெளிச்சம் கசியுதா? வேகமா மூச்சு விட்டா மூக்கு அடைக்குதா? அப்புறம் ஹெல்மெட்டையும் போட்டேன், அது மேலிருந்து காகிள்ஸை மூக்கு மேல தள்ளுதானு பார்க்க. என் பவர் கண்ணாடியைக் கழட்டாமலேதான் இத்தனையும்; அதுக்குன்னே ஃப்ரேம்ல பள்ளம் வெச்ச மாடல் இருக்கு. கடைக்காரர், "சார், லென்ஸ் கலர் பார்க்கலையா?"ன்னார். நான் அஞ்சாவது ஃப்ரேமை முகத்துல வெச்சு அழுத்திக்கிட்டு இருந்தேன்.