புயலுக்குப் படம் வரைந்தவர்கள்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக் கோடி வீட்டில் ஒரு பிள்ளையாண்டான் இருக்கிறான். ஐப்பசி பிறந்துவிட்டால் அவனைக் கீழே பார்ப்பது அரிது. மொட்டை மாடியில்தான் வாசம். ஒரு கையில் தொலைபேசி. அதில் ராடார் படம். மடியில் வரைபலகை. கிழக்கே மேகம் திரண்டால் போதும், அதன் உருவத்தைச் சட்டென்று கோட்டில் பிடித்துவிடுவான். இப்படிச் சேர்த்த சித்திரங்களைக் கோத்து ஒரு படக்கதையே போட்டு வருகிறான்.

போன கார்த்திகையில் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். ஒற்றைக் கண் அரக்கி ஒருத்தி கடலிலிருந்து கூந்தலை விரித்துக்கொண்டு எழுந்து வருகிறாள். மாடியில் நின்று ஒரு பையன் அவளை எதிர்கொள்கிறான்.

"இவளை எங்கே பார்த்தாய், தம்பி?" என்று கேட்டேன்.

"வர்தாவிலே, ஸார். 2016, டிசம்பர் 12. அப்போ நான் சின்னப் பையன். எதிர் வீட்டு வேப்பமரம் விழுந்ததை ஜன்னல் வழியாப் பார்த்தேன். அன்னிக்கு வரைய ஆரம்பிச்சவன்தான்" என்றான்.

"வர்தா" என்றால் ரோஜாப்பூ. பாகிஸ்தான் சூட்டிய பெயர் அது. பூவின் பெயரைத் தாங்கி வந்த புயல், சென்னையில் பூமரம், காய்மரம் என்ற வித்தியாசம் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போயிற்று. பையன் அரக்கியாக வரைந்ததில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் புயலுக்குப் படம் வரைவது வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மனிதனின் உயிரைக் காத்து வந்த கலைகளில் அதுவும் ஒன்று.

அந்தப் படம் கையில் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு நம் சென்னைக் கடற்கரையே சாட்சி. 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் லபூர்தொன்னே என்ற பிரெஞ்சுத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார். அக்டோபரில் ஒரு புயல் வந்தது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நிற்கும். ஒரே இரவில் அவருடைய கப்பற்படை சின்னாபின்னமாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையைப் பிடித்தவருக்குக் காற்றின் போக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் என்ன, உலகத்தில் அன்று யாருக்குமே புயலின் உருவம் திட்டமாகத் தெரியாது.

அந்த உருவத்தைக் கண்டவர்களில் ஒருவர், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியாயிருந்த ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்கர். 1821-இல் அவருடைய நாட்டில் ஒரு பெரும் புயல் அடித்து ஓய்ந்த பிறகு அந்த வழியே பிரயாணம் செய்தார். ஒரு வட்டாரத்தில் மரங்கள் வடமேற்காகத் தலை சாய்ந்து கிடந்தன. இன்னொரு வட்டாரத்தில் அதற்கு நேர் எதிராகத் தென்கிழக்கே பார்த்துக் கிடந்தன. ஒரே புயல் எப்படி இரண்டு திசையிலும் அடிக்கும்? சக்கரம் போலச் சுழன்றால்தான் அடிக்கும்! விழுந்த மரத்தை நாம் விறகாகப் பார்க்கிறோம். அவர் அதை எழுத்தாகப் படித்தார்.

நம் வங்கக் கடலுக்கு அந்தப் படிப்பைக் கொண்டுவந்தவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து, பிறகு கல்கத்தாவில் குடியேறியவர். கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். புயலில் அகப்பட்டு மீண்ட கப்பல்களின் தினக் குறிப்புப் புத்தகங்களை அவர் தேடித் தேடிச் சேகரித்தார். இன்ன நாள், இன்ன மணிக்கு, இந்தக் கப்பல் இருந்த இடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது? அடுத்த கப்பலில் எப்படி? ஒவ்வொன்றையும் கடற்படத்தில் அம்புக் குறியாக இட்டுக்கொண்டே போனார். அம்புகள் சேர்ந்து வட்டமாயின; வட்டத்துக்கு நடுவே ஒரு கண் தெரிந்தது.

1848-இல் மாலுமிகளுக்காக ஒரு கைநூல் வெளியிட்டார். 'சைக்ளோன்' என்ற சொல்லை உலகத்துக்கு அளித்தது அந்த நூல்தான். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அவர் உருவாக்கினார். நம் 'புயல்' என்ற சொல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பழந்தமிழில் அதற்கு மேகம் என்பதே பொருள். மழை தரும் முகிலாக இருந்தது, காலப்போக்கில் மரம் சாய்க்கும் காற்றாகிவிட்டது!

பிடிங்டனின் புத்தகத்தில் இன்னொரு விசேஷம். கொம்பைக் கண்ணாடி போல மெல்லிய தகடாக்கி, அதன்மேல் புயலின் வட்டங்களையும் காற்றின் அம்புகளையும் தீட்டிப் புத்தகத்தோடு வைத்திருந்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு தகடு, தெற்கே ஒன்று. தன் கப்பலில் வீசும் காற்றும் தகட்டில் உள்ள அம்பும் ஒன்றுபடும்படி மாலுமி அதைக் கடற்படத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். புயலின் கண் எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிந்துவிடும். கப்பலை எதிர்ப்பக்கம் திருப்பிவிடலாம்.

சூத்திரம் எளிதுதான். நம் பக்கத்தில் புயல் இடமாகச் சுழலும். காற்றுக்கு நேரே முகம் கொடுத்து நின்றால், அதன் நடுப்பகுதி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். சென்னைக் கடற்கரையில் வாடைக் காற்று வடக்கிலிருந்து பலமாக வீசினால் புயல் நேர் கிழக்கே இருக்கிறது. அது மேற்கு முகமாகத் திரும்பினால் புயல் நமக்கு வடக்கே கரையேறுகிறது. கிழக்கு முகமாகி, கொண்டலாக மாறினால் தெற்கே போகிறது. பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய கணக்கு இது.

ஆனால் படம் வரைந்தவர் சொல்லை யார் கேட்டார்கள்? கல்கத்தாவுக்குத் தெற்கே மாதலா ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் கட்ட எண்ணினார்கள். 'வேண்டாம், புயல் அலை ஒருநாள் உள்ளே புகும்' என்று 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸிக்குக் கடிதம் எழுதினார் பிடிங்டன். துறைமுகம் கட்டப்பட்டது. கானிங் என்று பெயரும் இட்டார்கள். 1858-இல் பிடிங்டன் கண்ணை மூடினார். 1867-இல் புயல் வந்தது. அலை உள்ளே புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகத்தைக் கைவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1864 அக்டோபர் 5-ஆம் தேதி, கல்கத்தாவைத் தாக்கிய புயல் பதினாயிரக் கணக்கில் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அந்த அடிக்குப் பிறகுதான் துறைமுக எச்சரிக்கை முறை பிறந்தது. 1875-இல் இந்திய வானிலைத் துறையும் ஏற்பட்டது. இன்றும் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தி கேட்கிறோமே, அதுவும் ஒருவகைப் படந்தான். பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகள். இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை போகும். பத்து, பெரும் அபாயம். பதினொன்று என்ன தெரியுமா? வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அபாயத்தைவிடப் பெரிய அபாயம், சேதி கிடைக்காமற் போவது. 1964 டிசம்பரில், இருளில் தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற ரயிலையும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களையும் கடல் விழுங்கியதை நினைத்தால் அந்தப் பதினொன்றின் கனம் புரியும்.

சென்னைத் துறைமுகக் கட்டிடத்தின் உச்சியில் 2002-இல் டாப்ளர் ராடார் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அலையை வீசி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு வர்ணப் படம் தீட்டுகிறது. பிடிங்டன் கப்பல் கப்பலாகப் பொறுக்கிய அம்புகள், இன்று எங்கள் தெருப் பையனின் உள்ளங்கையில் நிமிஷக் கணக்கில் வந்து விழுகின்றன.

இத்தனை படமும் இருந்துதான் 2015 வந்தது.

அந்த நவம்பரிலேயே நுங்கம்பாக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் மழை. ஏரிகள் விளிம்பு தட்டி நின்றன. டிசம்பர் 1-ஆம் தேதி மீண்டும் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை எட்டரை மணிக்குள் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. கவனியுங்கள், அன்று கடலில் புயலே கிடையாது! வெறும் காற்றழுத்தத் தாழ்வுதான். அதற்குப் பெயரும் இல்லை, கண்ணும் இல்லை.

நாங்கள் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் மேற்கேயிருந்து வந்தது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாற்றில் இறங்கி, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது அதற்கும் கீழே, திருநீர்மலைப் பக்கம். அன்றிரவு என் கீழ் அறையில் கணுக்காலளவு தண்ணீர். முடிக்காத நாவல் ஒன்றின் கையெழுத்துப் பிரதி அதில் மிதந்தது. என் இழப்பு அவ்வளவுதான். அதைச் சொல்லவும் கூச்சமாயிருக்கிறது. முடிச்சூரில் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றவர்களுக்குப் படகு வரவேண்டியிருந்தது.

ஏரியின் கலங்கல் எங்கே, அதில் வழியும் நீர் எந்த ஓடை வழியாக எந்த ஏரிக்குப் போகும் என்பது பழைய கிராமத்தார் நெஞ்சில் ஒரு படமாக இருந்தது. சேலையூர் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் நிறைந்தால் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடிப் போகும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மனை வாங்கி வந்த நம்மிடம் வானத்தின் படம் இருக்கிறது. காலடி நிலத்தின் படம் இல்லை.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கதையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மனம் வாடிவிட்டதோ என்று எனக்குக் கவலை.

பத்து நாள் கழித்து வந்தான். அரக்கி அப்படியே இருந்தாள். ஆனால் கடைசிப் பக்கம் புதிது. மாடிப் பையன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திரும்பி நிற்கிறான். தூரத்தில் ஓர் ஏரிக்கரை. கலங்கலுக்கு மேலே ஒரு சாண் தண்ணீர். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர் கையை நீட்டி எதையோ காட்டுகிறார்.

"இவர் யார், தம்பி?"

"ஆதனூர்ப் பெரியவர், ஸார். சைக்கிளிலே போய்க் கேட்டுட்டு வந்தேன். தண்ணி வர்ற வழியெல்லாம் அவர்தான் சொன்னார்" என்றான்.