கிரெயின்

வேட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டாவைக் கையால் கெட்டிப்பவர்கள் குண்டையும் வெடிமருந்தையும் நிறுக்கும் அளவு. தானியமணியைக் குறிக்கும் 'கிரானும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் வாற்கோதுமை மணியே எடைக்கல்லாக இருந்தது. நம் பொற்கொல்லர் குன்றிமணியிட்டுத் தங்கம் நிறுத்ததும் இதே வழிதான். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிராமுக்குச் சுமார் 15.43.

கிரெயின் என்பது மருந்துத் துகளின் எண்ணிக்கை அன்று, எடை. புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான்.

அமெரிக்காவின் .30-06 தோட்டாவுக்கு 150, 180, 220 கிரெயின் குண்டுகள் உண்டு. விட்டம் ஒன்றே என்பதால், ஒரே வகைக் குண்டில் எடை கூடக்கூட நீளமும் கூடும். நீண்ட குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்கும்; நகரவும் தாமதிக்கும். வேகமாக எரியும் மருந்தானால் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். ஆகவே கனத்த குண்டுக்குப் பொதுவாக மெதுவாக எரியும் மருந்தே ஏற்றது.

தராசு கிராமில் நிற்கிறதா, கிரெயினிலா என்று முதலில் பாருங்கள். மருந்து தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்தக் குண்டுக்கு உரிய தொடக்க அளவிலிருந்தே கெட்டியுங்கள்.