மட்கார்டும் சக்கரமும்

திருப்பூர் அவினாசி ரோட்டில் சில கார்களுக்குச் சக்கரம் மட்கார்டு விளிம்போடு ஒரே மட்டமாக நிற்கிறது. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே 'ஸ்பேசர்' வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள். நான் படித்த பிரெஞ்சு மொழியில் இதற்குத் 'தடம் அகட்டி' என்று பொருள்படும் பெயர்.

அகலத் தடம் பந்தயக்காரர்களுக்குத் தேவை. வளைவில் வண்டி எளிதில் சாயாது. நம் கோவை கரிவரதன், சோழவரம் பந்தயங்களில் ஓட்டியவர், 1983இல் வந்த மாருதி 800இன் எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' கட்டினார். அதில் மட்கார்டே கிடையாது. சக்கரங்கள் வெளியேதான் நிற்கும். ஆனால் வண்டி முழுவதும் அதற்கென்றே செய்தது.

வீட்டுக் காரில் ஸ்பேசர் மட்டும் மாட்டினால் பேரிங் சீக்கிரம் தேயும். போல்ட்டில் மறை போதாவிட்டால் சக்கரமே கழன்றுவிடும்.

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பேரன்களுக்குச் சொல்லுங்கள்: வேக ஆசை இருந்தால் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கிறது. அவினாசி ரோடு அதற்கல்ல.