நரியை போட்டோ எடுக்கப் போறீங்களா? பிச்சாவரம் பக்கம் போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் இருக்கிறது பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே உள்ள இந்த அலையாத்திக் காடு, 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தது. கேமராவோடு வருபவர்கள் பெரும்பாலும் தேடுவது பறவைகளைத்தான். ஆனால் இங்கே நரியும் உண்டு. அதைப் படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மனிதர்கள் மேல் நரிக்கு இருக்கும் பயம்தான் அதன் உயிருக்குப் பாதுகாப்பு.

இங்கே இருப்பது எந்த நரி?

தமிழில் 'நரி' என்று பொதுவாகச் சொன்னாலும், தமிழ்நாட்டில் இரண்டு வகை இருக்கிறது. கடலோரத்திலும் வயல்வெளியிலும் பார்ப்பது பொன்னிற நரி. நாய், ஓநாய் ஆகியவற்றுக்கு நெருங்கிய சொந்தம். எடை ஏறக்குறைய 8 முதல் 11 கிலோ. இன்னொன்று, வறண்ட புதர்க்காடுகளில் வாழும் வங்கா நரி. சுமார் 3 கிலோதான் இருக்கும். பெரிய காது, புசுபுசுவென்று நீண்ட வால்.

பொன்னிற நரி எலி, நண்டு, மீன், பறவை முட்டை, பழம், செத்த விலங்கு என எதையும் சாப்பிடும். வயல் எலியைப் பிடிப்பதால் விவசாயிக்கும் லாபம்.

மனிதர்களைப் பார்த்தால் என்ன செய்யும்?

பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் ஒரேயடியாக ஓடாது. கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பிப் பார்க்கும். ஆபத்து பின்னால் வருகிறதா என்று கவனிக்கிறது. 'போஸ்' கொடுக்கிறது என்று நினைத்து அந்த நேரத்தில் கிட்ட போனால், அடுத்த நொடி ஆளைக் காணோம். மனித நடமாட்டம் உள்ள இடங்களில் இரவிலும், அந்தி, விடியல் நேரங்களிலும்தான் அதிகம் வெளியே வரும். பகல் படகு சவாரியில் கண்ணில் படுவது அபூர்வம்.

தீனி வைத்து வரவழைத்தால் என்ன தப்பு?

இங்கேதான் சிக்கலே. இரண்டு மூன்று முறை கறித்துண்டு கிடைத்தால், மனிதர்கள் என்றால் சாப்பாடு என்று நரி பழகிவிடும். சாலையோரம் தீனி கிடைத்தால் சாலையைக் கடப்பதும் கூடும், வண்டியில் அடிபடுவதும் கூடும். ஊருக்குள் வந்தால் தெருநாய்களிடம் இருந்து வெறிநோய் தொற்றும்.

எல்லா கறித்துண்டும் போட்டோவுக்காக வைப்பதும் கிடையாது. 2020-ல் திருச்சி ஜீயபுரம் அருகே, இறைச்சிக்குள் நாட்டு வெடியை மறைத்து வைத்து நரியைக் கொன்ற வழக்கில் 12 பேர் கைது செய்யப்பட்டனர். கேமராக்காரர் வைக்கும் கறியும் வேட்டைக்காரர் வைக்கும் கறியும் நரிக்கு ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இரண்டு வகை நரிகளும் முதல் அட்டவணையில் உள்ளன. அதாவது, புலிக்கு உள்ள அதே அட்டவணை. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது ரூ.25,000 அபராதம். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், விலங்குக்கு இரை வைத்து இழுப்பதும் சட்டத்தின் 'வேட்டை' என்ற வரையறைக்குள் வருகிறது என்பதுதான்.

சேலம் மாவட்டம் வாழப்பாடி சுற்றுவட்டார கிராமங்களில், பொங்கலையொட்டி வங்கா நரியைப் பிடித்து வரும் வழக்கம் இருந்தது. 'நரி முகத்தில் முழித்தால் நல்லது' என்ற நம்பிக்கைதான் காரணம். இதற்கு வனத்துறை தடை விதித்து, மீறியவர்களிடம் அபராதமும் வசூலித்திருக்கிறது.

அப்போ எப்படித்தான் படம் எடுப்பது?

* 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் இருந்தால் தூரத்தில் இருந்தே எடுக்கலாம்.
* படகிலோ வண்டியிலோ இருந்தபடி எடுங்கள். இறங்கித் துரத்த வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி அவசியம்.
* பிளாஷ், டார்ச் வேண்டாம். ஊளைச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம்.
* தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? போதுமான அளவு கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், இல்லையென்றால் பின்வாங்குங்கள்.
* குட்டிகள் உள்ள வளைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தொந்தரவு வந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.
* சமூக வலைதளத்தில் படம் போடும்போது சரியான இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.

மொபைல் மட்டும்தான் இருக்கிறதா? ஜூம் செய்து மங்கலான படம் எடுப்பதைவிட, அந்தி நேரத்தில் தூரத்தில் கேட்கும் ஊளையைப் பதிவு செய்யலாம்.

நரி தானாகவே கிட்ட வந்தால்?

சந்தோஷப்பட வேண்டாம். பட்டப்பகலில் பயமே இல்லாமல் நெருங்கும், தள்ளாடும், வாயில் எச்சில் ஒழுகும் நரிக்கு வெறிநோய் இருக்கலாம். விலகிச் சென்று வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கடித்தாலோ கீறினாலோ, காயத்தை உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசி போட வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. சின்னக் கீறல்தானே என்று அலட்சியமாக விடாதீர்கள்.