செவிநரம்புக் கட்டி: "பொறுத்துப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு நூறு வருஷம்

முந்தின வருஷம் ஆடி மாசம். கச்சேரி ரோடு பக்கம் இருக்கும் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபோன் அடித்தது. அத்தை இடது கையால் எடுத்தார், அப்புறம் கையை மாற்றி வலது காதில் வைத்துப் பேசினார். அரை மணி நேரத்தில் மூன்று தடவை இப்படி நடந்ததும் கேட்டுவிட்டேன்.

"இடது காது ரெண்டு மூணு வருஷமாவே மந்தம்தான்டா. வயசாச்சில்ல? அதான் இன்னொரு காது இருக்கே" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். ஆடியோகிராமில் இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம். "ஒரு பக்கம் மட்டும் இப்படி இறங்கினா எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடணும்" என்றார் டாக்டர். தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: இடது செவிநரம்பில் 12 மில்லிமீட்டர் கட்டி, வெஸ்டிபுலர் ஷ்வானோமா. பழைய பெயர் அகௌஸ்டிக் நியூரோமா.

இது புற்றுநோய் இல்லை. காதையும் மூளையையும் இணைக்கும் ஒரு சின்ன எலும்புக் குழாய் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். அதற்குள் கேட்கும் நரம்பு, உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு எல்லாம் ஒன்றாகப் போகின்றன. சமநிலை நரம்பின் மேலுறையில் இருக்கும் ஷ்வான் செல்கள் மெதுவாகப் பெருகி இந்தக் கட்டி உண்டாகிறது. குழாய்க்குள் இடம் போதாமல் வெளியே வந்தால், எதிரே இருப்பது மூளைத்தண்டு. மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் இடம். சிக்கல் அங்கேதான்.

மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் ஆபரேஷன் என்றார். இன்னொருவர் கதிர்வீச்சு என்றார். மூன்றாமவர், "இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுங்க" என்றார். மூவருமே அனுபவசாலிகள். மூவருமே மற்ற இரண்டு வழிகளையும் தப்பு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "ஒரே படத்தைப் பார்த்து மூணு பேர் மூணு விதமா சொன்னா நான் யாரை நம்பறது?"

நான் டாக்டர் இல்லை. பழைய விஷயங்களைப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அதனால் இந்த மூன்று பதில்களும் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதல் கேள்வி: உயிர் பிழைக்குமா?

இந்தக் கட்டியைப் பற்றிய முதல் விவரம் 1777-இல் பதிவானது. ஹாலந்தின் லைடன் நகரில் எடுவார்ட் சாண்டிஃபோர்ட் ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்தபோது கண்டது. அதற்கு மேல் நூறு வருஷத்துக்கு, இறந்த பிறகு கண்டுபிடிக்கிற கட்டியாகத்தான் இது இருந்தது. 1890-களில் பிரிட்டனில் சார்லஸ் பாலன்ஸ், தாமஸ் அனண்டேல் ஆகியோர் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து கட்டியை எடுத்தார்கள். நோயாளிகள் பிழைத்தார்கள், ஆனால் அது விதிவிலக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேஜையில் படுத்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இறந்தார்கள். கட்டியை விரலை விட்டு நெம்பி எடுத்த காலம் அது.

1917-இல் அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் இந்தக் கட்டியைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவருடைய வழி: கட்டியின் உள்ளே இருப்பதைச் சுரண்டி எடு, மேல் தோலை அப்படியே விட்டுவிடு. இறப்பு ஐந்தில் ஒருவர் என்கிற அளவுக்குக் குறைந்தது. ஆனால் விட்டுவைத்த மிச்சம் திரும்ப வளர்ந்தது. அவரிடம் வேலை கற்ற வால்டர் டாண்டி, 1922-இல், முழுக் கட்டியையும் எடுக்க முடியும் என்று ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார். குஷிங்குக்குக் கடும் கோபம். இருவருக்கும் அதற்குமுன்பே ஆகாது, இது இன்னும் முற்றியது. முழுக்க எடுப்பதா, கொஞ்சம் மிச்சம் விடுவதா என்ற அந்தச் சண்டை இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் கொஞ்சம் மரியாதையான குரலில் நடக்கிறது.

சென்னைக்கு வந்த கதை

இந்தியாவில் நரம்பியல் அறுவைக்கு முதல் தனித்துறை 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. அடுத்த வருஷம் சென்னை ஜி.எச்.சில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1922-இல் சீர்காழியில் பிறந்தவர், இங்கிலாந்தில் நியூகாசிலில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். 1951-இல் இவர்கள் இருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தார்கள். நாடு முழுவதற்கும் நாலு பேர்!

அந்தக் காலத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது (அது 1971-இல்தான் உலகத்துக்கே வந்தது). எம்.ஆர்.ஐ.க்கு இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கண்ணின் கருவிழியைப் பஞ்சுத் துணுக்கால் தொட்டுப் பார்ப்பார்கள், இமை சிமிட்டவில்லையென்றால் பக்கத்து நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். காதில் குளிர்ந்த நீர் விட்டுக் கண்மணி ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் அந்த எலும்புக் குழாய் அகன்றிருக்கிறதா என்று தேடுவார்கள். மூளைக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். இவை எல்லாமே கட்டி பெரிதானபின் பலன் தரும் சோதனைகள்.

பலரும் டாக்டரிடம் வந்ததே கண் மங்கியபிறகுதான். மண்டைக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு வீங்கி, நடை தள்ளாடியபின். விசாரித்தால் காது பல வருஷம் முன்பே போயிருக்கும். ஒரு காது போனதற்காக யாரும் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்குப் போவதில்லை. இந்தியாவிலிருந்து வந்த மருத்துவக் கட்டுரைகளில் இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: இங்கே வரும் கட்டிகளில் பெரியவைதான் அதிகம். அதற்குக் காரணம் தாமதம்.

1970-களின் கடைசியில் ராமமூர்த்தி ஜி.எச்.சிலிருந்து ஓய்வு பெற்று அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனைக்கு வந்தார். கே.எஸ். சஞ்சீவி 1958-இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே ஏ. லக்ஷ்மிபதி பெயரில் நரம்பியல் அறுவை மையம் உருவானது. தென்சென்னைக்காரர்களுக்கு மூளை ஆபரேஷன் என்றால் அடையாறு என்று ஆனது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கேள்வி: முகம் பிழைக்குமா, காது பிழைக்குமா?

1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் என்பவர் வேறொரு பாதையைப் பிடித்தார். பல் மருத்துவம் படித்துவிட்டுக் காது மருத்துவத்துக்கு வந்தவர். மைக்ராஸ்கோப்பையும் டிரில்லையும் கொண்டு, காதின் பின்எலும்பைக் குடைந்து உட்காது வழியாகவே கட்டியை அடைந்தார். கூடவே வில்லியம் ஹிட்ஸல்பர்கர் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். இந்த வழியில் கேட்கும் திறன் போய்விடும். ஆனால் முகநரம்பை முதலிலேயே கண்ணால் பார்த்துவிடலாம், அதனால் காப்பாற்றும் வாய்ப்பு கூடியது. அதுவரை உயிர் பிழைத்த பலரும் ஒரு பக்கம் வாய் கோணி, கண் மூட முடியாமல்தான் வீடு திரும்பினார்கள்.

அப்புறம் ஆபரேஷன் நடக்கும்போதே முகநரம்பின் மின்துடிப்பைக் கண்காணிக்கும் கருவி வந்தது. 1991-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அதை வழக்கமாகவே பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. இன்று அனுபவமுள்ள மையங்களில் இந்த ஆபரேஷனில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. சின்னக் கட்டி என்றால் முகம் தப்பிக்கும் வாய்ப்பு மிக அதிகம். கட்டி வளர வளர அந்த வாய்ப்பு குறைகிறது.

இதைச் சொன்னபோது அத்தை கேட்டார்: "இன்னொரு காதுக்கும் வருமா?" பெரும்பாலும் வராது. பரம்பரையாக வரும் ஒரு வகையில் மட்டும் (என்.எஃப்.2 என்பார்கள்) இரண்டு பக்கமும் வரும். இரண்டு நரம்பும் போனவர்களுக்காக, மூளைத்தண்டிலேயே நேராகப் பொருத்தும் செவிக்கருவியை 1979-இல் செய்து காட்டியவர்கள் அதே ஹவுஸும் ஹிட்ஸல்பர்கரும்தான். அந்த ஆபரேஷன் இப்போது மயிலாப்பூரிலிருந்து நடக்கிற தூரத்தில், ஆர்.ஏ.புரம் மெர்ஃபில் நடக்கிறது.

மூன்றாவது கேள்வி: திறக்காமலே முடியுமா?

ஸ்வீடனின் லார்ஸ் லெக்ஸல், மண்டையைத் திறக்காமல் பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் யோசனையை 1951-இல் வெளியிட்டார். தனித்தனிக் கதிர் எதுவும் போகிற வழியில் பெரிய கேடு செய்யாது, சேரும் இடத்தில் மட்டும் வலு. 1960-களின் கடைசியில் காமா நைஃப் வந்தது. பெயரில்தான் கத்தி. 1969-இல் முதல் செவிநரம்புக் கட்டிக்குப் பயன்படுத்தினார்கள்.

மண்டையில் சட்டம் மாட்டி, அளவு போட்டு, ஒரு புள்ளியை மட்டும் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறை சென்னைக்குப் புதிதல்ல. 1960-களிலேயே ஜி.எச்.சில் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், கனகா ஆகியோர் நடுக்குவாதம் போன்றவற்றுக்கு அந்த முறையில் ஆபரேஷன் செய்தார்கள். டி.எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர். கதிர்வீச்சு இயந்திரம்தான் தாமதம். காமா நைஃப் இந்தியாவுக்கு 1997-இல் வந்தது, மும்பை ஹிந்துஜாவுக்கும் டெல்லி எய்ம்ஸுக்கும். தேனாம்பேட்டை அப்போலோவுக்கு 2009-இல் சைபர் நைஃப் வந்தது.

ஆரம்பத்தில் கதிரின் அளவு அதிகமாக இருந்ததால் முகநரம்பு பலருக்குப் பாதித்தது. 1990-களில் கட்டியின் விளிம்புக்கு 12, 13 கிரே என்று குறைத்தார்கள். நூற்றுக்கு தொண்ணூறுக்கு மேல் கட்டி அடங்கியது, முகமும் தப்பியது. இதில் கட்டி மறைந்துவிடாது, வளராமல் நிற்கும் அல்லது சுருங்கும். காதின் கேட்கும் திறன் வருஷப்போக்கில் குறையவே செய்யும். பெரிய கட்டி மூளைத்தண்டை அழுத்தினால் இந்த வழி உதவாது, திறந்துதான் ஆகவேண்டும்.

"பொறுத்துப் பார்க்கலாம்"

எனக்கு வியப்பு இங்கேதான். 1950-களில் அமெரிக்காவிலேயே சின்னக் கட்டிக்காரர்களிடம் "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். காரணம், கட்டியைவிட ஆபரேஷன் பயங்கரம். உயிருக்கு ஆபத்து வந்தபிறகு ரிஸ்க் எடுக்கலாம் என்ற கணக்கு. அதே வார்த்தையைத்தான் 2020-களில் சென்னை டாக்டரும் சொல்கிறார். ஆனால் பொருள் தலைகீழ். இப்போது மில்லிமீட்டர் கணக்கில் பார்க்க முடிகிறது. பல கட்டிகள் வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கின்றன என்பதும் தெரிந்துவிட்டது. வளர்ந்தால் அப்போது தலையிடலாம்.

நார்வேயின் பெர்கன் நகரில் இதை நேராகவே சோதித்தார்கள், முடிவு 2023-இல் வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியுள்ள 100 பேர். பாதிப் பேருக்கு உடனே கதிர்வீச்சு, பாதிப் பேர் காத்திருந்து ஸ்கேன். நாலு வருஷத்தில் கதிர் பெற்றவர்களின் கட்டி சுருங்கியிருந்தது. காத்திருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு சிகிச்சையே தேவைப்படவில்லை. கேட்கும் திறன், அன்றாட வாழ்க்கைத் தரம் போன்றவற்றில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக மூன்று டாக்டர்களும் அத்தைக்குப் பொய் சொல்லவில்லை. 12 மில்லிமீட்டரில் மூன்று கதவும் திறந்திருக்கின்றன. நாலு சென்டிமீட்டரில் ஒரு கதவுதான்.

அத்தை பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். தை மாசம் ஸ்கேன் தேதி வந்தது. வர மறுத்தார். "தலை சுத்தல் இல்ல, வலி இல்ல. நல்லாத்தானே இருக்கேன்? மறுபடி அந்தக் குழாய்க்குள்ள போய்ப் படுக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் உட்கார்ந்து, கண் மங்கியபிறகு ஜி.எச்.சுக்கு வந்தவர்களின் கதையைச் சொன்னேன். "அவங்களும் பொறுத்துத்தான் பார்த்தாங்க அத்தை. என்ன, பொறுத்தாங்க, பார்க்கல. அவங்களுக்குப் பார்க்க வழியும் இல்ல. உங்களுக்கு இருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, ஆட்டோ சொல்லு" என்றார்.

கட்டி 15 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. ஆறு மாசத்தில் மூன்று. முன்பு காத்திருக்கச் சொன்ன டாக்டரே, "இனி காத்திருக்க வேண்டாம்" என்றார். கதிர்வீச்சா ஆபரேஷனா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டு, வயதையும் தனியாக இருப்பதையும் கணக்கில் வைத்து, அத்தை கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். இன்னொருவர், இதே அளவுக்கு, ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பில்லை. மாசி மாசம் முடிந்தது. இடது காது திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. முகம் கோணவில்லை. கட்டி நிற்கிறதா என்று இனி வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது ஃபோனை எப்போதும் ஒரே காதுக்கு மாற்றிக்கொண்டு போனால், ஒரு காதில் மட்டும் ஓயாமல் ரீங்காரம் என்றால், ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், இந்தக் கட்டி வருஷத்துக்கு லட்சத்தில் ஒருவர் சொச்சம் பேருக்குத்தான் வருகிறது. ஆனால் இருந்தால், சின்னதாக இருக்கும்போது தெரிவது நல்லது.

அத்தை வீட்டு தினசரி காலண்டரில் அடுத்த ஸ்கேன் தேதித் தாளைத் தேடி எடுத்து, சிவப்பு மையில் "ஸ்கேன்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாள் வருகிற வரைக்கும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எனக்கு உத்தரவு.