புள்ள எங்க தங்கும்?

அவிநாசிபாளையத்தில் ஒரு பெண் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எத்தனையாவது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. "புள்ள எங்க தங்கும்? காசு யாரு கட்டறது?" என்றுதான் கேட்கிறார்கள். இதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களை வரவழைத்தது இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்ததால்தான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சப்ஜட்ஜின் மகள் என்பதால் படிப்புக்கு வீட்டில் தடை இல்லை. சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துவந்தார். 1924இல் மிச்சிகன் போனார்.

நம்மை ஆண்டது இங்கிலாந்து. பிறகு ஏன் அமெரிக்கா? கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 ஆயிற்று. மிச்சிகனோ 1870லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சீனாவிலிருந்து வந்த ஷி மெய்யூ, காங் செங் என்ற இரு பெண்கள் 1896இல் அங்கே மருத்துவப் பட்டம் வாங்கினார்கள். ஊர் திரும்பி அவர்கள் செய்த வேலையை ஆசியப் பயணத்தில் அறிந்த லெவி பார்பர் என்ற வழக்கறிஞர், 1917இல் ஆசியப் பெண்களுக்கென்றே ஓர் உதவித்தொகையை நிறுவினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதி கட்டவும் பணம் கொடுத்தவர் அவர். ஜானகி தங்கியது மார்த்தா குக் என்ற இன்னொரு பெண்கள் விடுதியில். முன்னே போன இரண்டு பெண்கள் திறந்த வழி இது. பார்பரின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் வெறும் தாராளத்தைப் பார்க்க வேண்டாம். அதே 1924இல்தான் அமெரிக்கா ஆசியர்கள் குடியேறுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. மாணவர்களுக்கு விலக்கு இருந்தது. படி, திரும்பிப் போய் உன் நாட்டுக்கு உழை என்பதே உதவித்தொகையின் எதிர்பார்ப்பும்.

ஜானகி திரும்பித்தான் வந்தார். 1931இல் மிச்சிகனின் டி.எஸ்சி. பட்டம், 1934இல் நம் பக்கத்துக் கோயம்புத்தூரின் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து கலப்பினம் உண்டாக்கினார். ஆனால் கல்யாணம் செய்யாத பெண், தீயர் சாதி. ஆண்கள் நிறைந்த அந்த இடத்தில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை என்றே அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். போர் மூண்டது. இங்கிலாந்திலேயே ஆராய்ச்சி வேலையில் சேர்ந்துவிட்டார். மறுபடி இந்தியாவுக்கு வந்து வேலை ஏற்றது 1950களில், நேரு அழைத்த பிறகு.