நோயும் விசுவாசமும்: யாழ்ப்பாண அமெரிக்க மிசனின் முதலாண்டுகள்

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1823ஆம் ஆண்டிலிருந்தே உற்சாகம் கொள்கின்றனர். அவ்வாண்டு தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், பின்வந்த மானிப்பாய் அச்சகமும், மருத்துவர் கிறீனின் தமிழ் மருத்துவ நூல்களும் அவர்தம் கருத்தைக் கவர்வதில் வியப்பில்லை. அவற்றுக்கு முற்பட்ட ஏழாண்டுகளோ இரண்டொரு பந்திகளில் முடிந்துவிடுகின்றன. ஆயின் அம்மிசன் நிலைபெறுமா, அழிந்துபோகுமா என்னும் ஐயம் எழுந்தது அவ்வாண்டுகளிலேதான். அந்த ஐயத்தைக் கிளப்பியதிற் பெரும்பங்கு சயரோகத்துக்கு உரியது.

அக்கதையின் நடுவில் நிற்பவர் ஜேம்ஸ் றிச்சட்ஸ் என்பார். 1806இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், மழைக்கு ஒதுங்கிய வைக்கோற்போரின் மறைவில் ஆசியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுசெல்லுதல் பற்றிச் செபித்தனர் என்பது அமெரிக்கத் திருச்சபை வரலாற்றிற் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அவ்வைவருள் றிச்சட்ஸ் ஒருவர். 1810இல் அண்டோவர் இறையியற் கல்லூரி மாணவர் தம்மை அந்நிய நாடுகளுக்கு அனுப்புமாறு குருமார் பேரவைக்கு விண்ணப்பித்தபோது, விண்ணப்பதாரர் அறுவர் எனின் பேரவை மலைத்துவிடுமென அஞ்சி இருவர் பெயரை நீக்கிவிட்டனர். நீக்கப்பட்ட பெயர்களுள் றிச்சட்ஸ் பெயரும் ஒன்று. இதனால் 1812இற் புறப்பட்ட முதற் குழுவில் அவர் இடம்பெறவில்லை. காத்திருந்த காலத்தில் மருத்துவமும் கற்றார்.

அம்முதற் குழு கண்டதும் நோயும் மரணமுமே. அதிலொருவரான சாமுவேல் நியூவெலின் மனைவி ஹரியற், கடலிற் பெற்ற மகவையும் இழந்து, 1812 நவம்பரில் மொறீசியசுத் தீவிற் சயரோகத்தால் மாண்டார்; அப்போது அவருக்கு வயது 19. தனித்த நியூவெல் 1813இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தையும் பார்த்தார். மிசனுக்கு ஏற்ற களம் இதுவென அவர் எழுதியனுப்பிய பரிந்துரையே பின்னர் அமெரிக்கரை இங்கு கொணர்ந்தது. ஒருவகையில் நோக்கின், யாழ்ப்பாண மிசனின் வித்து ஒரு நோயாளியின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

1815 அக்டோபரில் நியூபரிபோட் துறைமுகத்திற் புறப்பட்ட ‘டிறையட்’ என்னும் கப்பல் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. தேசாதிபதி பிறவுண்றிக் வரவேற்பளித்தார். றிச்சட்சும் பெஞ்சமின் மெய்க்சும் வட்டுக்கோட்டையையும், டானியல் பூவரும் எட்வேட் வாறனும் தெல்லிப்பழையையும் பொறுப்பேற்று, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற பாழடைந்த தேவாலயங்களையும் வீடுகளையும் திருத்திக் குடியேறினர். றிச்சட்சைப் போலவே வாறனும் மருத்துவம் பயின்றவர். ஓராண்டு கழிவதற்குள் 1817இல் வாறன் இரத்தம் கக்கினார். றிச்சட்சிடத்தும் அந்நோயின் அறிகுறிகள் தோன்றின. பிறர் நோயைப் போக்க வந்தோர் இருவருமே நோயாளராயினர். அக்குறிகளின் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

சயரோகக் கிருமியை றொபேட் கொக் கண்டறிந்தது 1882இல். அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகள் முன்னர் ஐரோப்பிய மருத்துவம் இந்நோய்க்கு வைத்திருந்த பரிகாரங்கள் இரத்தம் வாங்குதலும், கொப்புளம் எழுப்புதலும், கடற்பயணமும், காலநிலை மாற்றமுமே. முதலிரண்டும் நோயாளியை மேலும் மெலிவித்தன. எஞ்சிய கடற்பயணமோ மிசனரிக்கு வெறும் மருத்துவச் சிக்கலன்று. அது மனச்சான்றின் சிக்கலுமாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு அண்டோவரில் அவர்கள் பெற்ற பயிற்சியை நோக்குதல் வேண்டும். அங்கு செல்வாக்குற்றிருந்த சாமுவேல் ஹொப்கின்சின் போதனைப்படி, தன்னலமின்மையே மெய்ப்பக்தியின் உரைகல். கடவுளின் மகிமைக்காகத் தன் ஆன்மாவின் நட்டத்துக்கும் ஒருவன் உடன்படல் வேண்டும். இத்தகைய உரைகல்லிற் சோதித்தால் உடல்நலம் தேடிச் செல்வதைத் தன்னலம் என்பதா, பணிக்காக உயிரைப் பேணும் கடமை என்பதா? சாவை விரும்புவது விண்ணுலக ஏக்கமா, அன்றிச் சோர்வின் மாற்றுருவமா? கடுமையான இப்போதனை, நோயாளியை நோயோடு மட்டுமின்றித் தன் நோக்கங்களோடும் போராட வைத்தது.

அவர்கள் முன்னிருந்த முன்மாதிரியும் அத்தகையதே. அமெரிக்க இந்தியரிடையே பணியாற்றி 1747இல் 29ஆம் வயதிற் சயரோகத்தால் மாண்ட டேவிட் பிறெயினெட்டின் நாட்குறிப்பை ஜொனதன் எட்வேட்ஸ் 1749இல் வெளியிட்டார். அந்நூல் மிசனரிமாரின் கைந்நூலாயிற்று. இரத்தம் கக்கிக்கொண்டே குதிரையேறிச் சென்ற அவ்விளைஞர் தம் மனச்சோர்வையும் ஆன்ம வறட்சியையும் மறைக்காது எழுதிவைத்தார். நோயுற்ற ஒருவருக்கு அந்நூல் ஆறுதல் தந்திருக்கும். அதே வேளை, இவ்வளவு தாங்கினேனா என்ற குற்றவுணர்வையும் தூண்டியிருக்கும். உடலின் தளர்ச்சி எது, விசுவாசத்தின் தளர்ச்சி எது எனப் பிரித்தறியும் வழியை மட்டும் அது கற்பிக்கவில்லை.

வாறனும் றிச்சட்சும் முதலிற் கொழும்புக்கும், அங்கிருந்து 1818இல் நன்னம்பிக்கை முனைக்கும் கப்பலேறினர். ஆகஸ்டில் வாறன் கேப்டவுனில் இறந்தார். நண்பரை அடக்கஞ்செய்த றிச்சட்சுக்கு அமெரிக்கா திரும்புதற்கு நியாயம் இருந்தது. அதனைக் குறைகூறுவார் இலர். அவரோ அவ்வாண்டு இறுதியில் யாழ்ப்பாணம் மீண்டார். வீரச்செயலென இதனைப் போற்றுவது எளிது. ஆயின் மீண்டவர் முன்போல் உழைக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை என்பதே கருதத்தக்கது. செயலையே ஊழியத்தின் அளவுகோலாகக் கொண்ட ஒரு சமூகத்தில், செயலற்றுக் கிடப்பதையும் ஊழியமாக ஏற்பது எளிதன்று. ஏறத்தாழ நான்காண்டுகள் அவர் அந்நிலையில் வாழ்ந்தார்.

அக்காலத்து அரசியற் சூழலும் துணைநிற்கவில்லை. 1819இன் இறுதியையொட்டி மருத்துவர் ஜோன் ஸ்கடரும், வின்சிலோ, ஸ்போல்டிங், வூட்வேட் ஆகியோரும் வந்து சேர்ந்தனர். 1820இல் எட்வேட் பாண்ஸ் அமெரிக்கர் இனி வரலாகாது எனத் தடைவிதித்து, அச்சுத்தொழிலுக்கென வந்த ஜேம்ஸ் கறற்றையும் வெளியேறச் செய்தார். தடை 1833 வரை நீடித்தது. இறப்பவரின் இடத்தை நிரப்ப வேறொருவர் வரவியலாத நிலை உருவாகியது. 1821இல் பூவரின் மனைவி சூசன் இறந்தார். அதே ஆண்டு பம்பாயில் நியூவெல் வாந்திபேதிக்கு இரையானார்.

இவற்றை அறியத் துணைபுரிவன மிசன் சஞ்சிகையில் வெளிவந்த கடிதங்களும் அறிக்கைகளுமாம். அவை நன்கொடை வழங்கிய சபையாருக்கென எழுதப்பட்டவை. அமைதியான மரணத்தையே அவ்வாசகர் எதிர்பார்த்தனர். அதுவே பெரிதும் அச்சேறியது. தளர்ந்த இரவுகளின் பதிவு அருகிக் காணப்படுவதற்கு இதுவும் காரணமாகலாம். அயலில் வாழ்ந்த தமிழர் இந்நோயாளரை எவ்வாறு நோக்கினர் என்பதற்கோ அக்கடிதங்களில் இடமில்லை. சயத்தை நன்கறிந்த பரியாரிமார் வாழ்ந்த ஊர்கள் அவை. நோயை வினைப்பயனெனக் கொண்டு நேர்த்திவைத்து ஆறுதல் தேடிய மக்களுக்கு, கடவுளின் சோதனையென்று அதனைப் பொறுத்துக் கிடந்த அந்நியர் முற்றிலும் விளங்காதவராய் இருந்திருக்கமாட்டார்.

1822 ஆகஸ்ட் 3ஆம் நாள் றிச்சட்ஸ் தெல்லிப்பழையிற் காலமானார், வயது 38. வைக்கோற்போர் அருகே செபித்த ஐவருள் ஆசியக் கரையை அடைந்து பணியாற்றியவர் அவர் ஒருவரே. அவர்களின் தலைவராயிருந்த சாமுவேல் மில்ஸ், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், றிச்சட்ஸ் நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற அதே 1818இல், கப்பலிலேயே இறந்து கடலில் அடக்கஞ்செய்யப்பட்டார்.